சாம்பலும் பட்டியலும்: யாழ் நூலகத்தை முன்வைத்துச் சில விவாதப் புள்ளிகள்

1

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறக்கும்போது தமிழ்நாட்டில் நமக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. சுவரொட்டி, அரங்கக் கூட்டம், இரண்டு மூன்று கவிதை, கருகிய கட்டடத்தின் அதே புகைப்படம். ஏறத்தாழ 97,000 நூல்கள் என்கிற எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். இதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் கிடையாது. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் அரசின் காவல் படையினரும் அவர்களோடு சேர்ந்த காடையர்களும் ஒரு நகரத்துக்குச் செய்ததை மறப்பது அயோக்கியத்தனம். அப்போது இலங்கை அமைச்சரவையின் இரண்டு மந்திரிகள், சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும், அந்த ஊரில்தான் இருந்தார்கள். நூலகம் மட்டும் எரியவில்லை. ஈழநாடு பத்திரிகை அலுவலகம், பூபாலசிங்கம் புத்தகசாலை, தமிழர் விடுதலைக் கூட்டணியின் அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு என்று அச்சும் பேச்சும் அரசியலும் புழங்கிய இடங்களாகப் பார்த்து எரித்தார்கள்.

என் பிரச்சினை வேறு. நமது நினைவுகூரலில் அந்த நூலகம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது: எரிகிறது. எரிவதற்கு முன்னால் அதை உண்டாக்கியவர்கள் யார், எரிந்த பிறகு மிச்சத்தைப் பொறுக்கியவர்கள் யார், இன்றைக்கு அந்த நகரத்தின் புத்தகங்களையும் ஓவியங்களையும் திறந்த வெளிகளையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள், இதெல்லாம் நம் பேச்சில் வருவதே இல்லை. தியாகத்தின் மொழி நமக்குப் பழகியிருக்கிறது. பராமரிப்பின் மொழி பழகவில்லை. ஒருவன் புத்தகத்துக்காகச் செத்தால் கவிதை எழுதுவோம். முப்பது வருஷம் புத்தகத்துக்கு அட்டை போட்டவனைப் பற்றி ஒரு வரி எழுத நம்மிடம் சொல் கிடையாது. சம்பளமில்லாமல் ஒரு நகரத்தின் ஞாபகத்தைக் காத்துவருகிற அந்தக் கைகளைப் பற்றி விமர்சனத்துக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கலாம். புகழ்வதற்காக அல்ல. தன்னார்வம் என்பதும் ஓர் அரசியல்தான் என்பதால் அதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

2

தொடக்கத்துக்குப் போவோம். 1933-இல் கே. எம். செல்லப்பா என்கிற நீதிமன்ற ஊழியர் தம் வீட்டில் வைத்துப் புத்தகங்களை இரவல் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த டிசம்பரில், யாழ்ப்பாணத்துக்கு ஒரு பொது நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் வெளியிட்டார். 1934 ஜூனில் மத்திய கல்லூரியில் கூட்டம் கூடியது. ஒரு குழு அமைந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தாயிற்று. 1935 தொடக்கத்திலேயே அதை நகர சபையிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருப்பதாக நான் நினைக்கிறேன். ஐந்தே மாதம். அதற்குள் அந்தத் தொண்டர்கள் தாங்கள் உருவாக்கியதைத் தங்கள் கையை விட்டு இறக்கிவைத்தார்கள். இது சோர்வினால் நடந்த காரியமாக எனக்குப் படவில்லை. வாடகை அறையும் நன்கொடைப் புத்தகமும் நல்ல மனசு இருக்கிற வரைதான் ஓடும். நகர சபையின் கணக்கில் ஏறிவிட்டால் அது வரி கொடுக்கிறவன் எல்லோருடைய உரிமையாகிவிடும். 'தயவு பண்ணி ஒரு புத்தகம் குடுங்க' என்று கேட்க வந்தவன், 'ஏன் இன்னும் திறக்கல?' என்று அதட்டிக் கேட்கலாம். தானத்தை உரிமையாக மாற்றுகிற இந்த இடப்பெயர்ச்சிதான் ஒரு வாசகசாலையைப் பொது நூலகமாக ஆக்குகிறது.

இதே தர்க்கத்தைச் சட்டமாக்கியவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் அவர். சொத்துவரியோடு நூலக வரி என்று ஒன்றை வசூலிப்பது அதிலிருந்துதான் வந்தது. யாழ்ப்பாணத்தில் பெரிய நூலகம் கட்டத் தீர்மானித்தபோது, மேயர் சாம் சபாபதியும் புனித பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளாரும் முன்னின்ற அந்த முயற்சிக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே. கட்டடத்தைச் சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வடிவமைத்தார். 1954 மார்ச்சில் அடிக்கல். 1959 அக்டோபரில் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். ரங்கநாதனுடைய ஐந்து விதிகளில் முதலாவது நூலின் புழக்கத்தைப் பற்றியது. காப்பதற்கு முன்னால் புழங்க வேண்டும் என்கிற அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

இங்கே சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்டு, சிரமதானம், தன்னார்வம் என்று மூன்று சொற்கள் நம்மிடம் உண்டு. தொண்டு பக்தியிலிருந்து வந்தது. அடியவன் ஆண்டவனுக்குச் செய்வது. அதில் எஜமானன் உண்டு, கணக்குக் கேட்கிற இடம் கிடையாது. சிரமதானம் இலங்கையில் சர்வோதய இயக்கத்தோடு ஊர் ஊராகப் பரவிய சொல். வீதி போடுவதும் குளம் தூர்வாருவதும் அதில் சேரும். உடலுழைப்பைத் தானம் என்று அழைத்துவிட்டதால், பொழுதுக்கும் உடலை உழைத்தே தின்கிறவனுக்கு அதில் என்ன தானம் மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி எழாமல் போய்விட்டது. தன்னார்வம் அரசுசாரா நிறுவனங்களின் காலத்துச் சொல். அரசு பின்வாங்குகிற இடத்தில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. செல்லப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது இந்த மூன்றிலும் சரியாக அடங்கவில்லை. பொதுவான ஒன்றைத் தொடங்கி, அதைப் பொதுவிடமே கொடுத்துவிடுவது என்பதற்கு நாம் இனிமேல்தான் சொல் தேட வேண்டும்.

3

எரிப்புக்கு வருவோம். என்னென்ன எரிந்தன என்று கேட்டால் நம்மில் பலரும் முதலில் சொல்வது யாழ்ப்பாண வைபவமாலையைத்தான். உலகில் இருந்த ஒரே பிரதி போய்விட்டது என்பார்கள். மேடையில் இதைக் கேட்டிருக்கிறேன், அச்சிலும் பார்த்திருக்கிறேன். மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூல் பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1879-இலேயே அச்சாகிவிட்டது. குல. சபாநாதன் பதிப்பித்த தமிழ்ப் பதிப்பு 1949-இல் வந்தது. நூலகத்திலிருந்த ஏதோ ஓர் ஏட்டுப் பிரதி எரிந்திருக்கலாம். நூல் இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம்.

ஒரு தகவல் பிழையைப் பிடித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. இந்தப் பிழை ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது? 97,000 என்பது கற்பனைக்குள் வராத எண். அதற்குப் பதிலாக ஒரு புனிதப் பிரதி வேண்டியிருக்கிறது. அரசர்களின் வரலாறு சொல்லும் நூல் எரிந்தது என்றால் ஓர் இனத்தின் பூர்வீகமே எரிந்ததாகிவிடும், பெருங்கதையாடல் பூர்த்தியாகிவிடும். ஆனால் இந்தப் புனிதப் பிரதியின் நிழலில், உண்மையாகவே திரும்ப வராதவை மறைந்துபோகின்றன. ஆனந்த குமாரசுவாமி, முதலியார் இராசநாயகம் ஆகியோரின் சேகரங்கள் அங்கிருந்தன என்று பதிவுகள் சொல்கின்றன. அவற்றில் என்னென்ன இருந்தன? உள்ளூர்ப் பத்திரிகைகளின் எந்தெந்தத் தொகுப்புகள், எந்தச் சங்கத்தின் துண்டுப் பிரசுரங்கள், எந்தப் பள்ளிக்கூடத்தின் மலர்கள் போயின? இழப்பின் அளவைச் சாம்பலை வைத்துச் சொல்ல முடியாது. பட்டியலை வைத்துத்தான் சொல்ல முடியும். 'எல்லாம் போச்சு' என்று சொல்வது துக்கத்துக்குப் போதும், வழக்குக்குப் போதாது. என்ன போயிற்று என்று வரிசைப்படுத்திச் சொல்லத் தெரிந்தவன்தான் எரித்தவனைக் கூண்டில் ஏற்ற முடியும்.

அந்த எரிப்பைப் பற்றி வந்த கவிதைகளில் எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' இன்றைக்கும் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் அது புத்தகங்களுக்காக ஒப்பாரி வைக்காததுதான். சிவில் உடையில் வந்த அரசு காவலர்கள் புத்தரைச் சுட்டுக்கொன்று, அவர் உடலை நூல்களோடு சேர்த்துக் கொளுத்துவதாக அந்தக் கவிதை ஒரு கனவைச் சொல்கிறது. எரித்தவன் தன்னுடையதையும் சேர்த்து எரித்துக்கொண்டான் என்பதைக் கோஷமில்லாமல் சொல்லிவிடுகிறது. சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்' அதே தீயை நகரத்துக்குள்ளிருந்து பார்க்கிறது. இரண்டும் தமிழ்க் கவிதைக்கு முக்கியமானவை. ஆனால் நுஃமானை மேடையில் வாசிக்கிற நாம் ஒன்றைச் சேர்த்து வாசிப்பதில்லை. அந்தக் கவிதை எழுதப்பட்டு ஒன்பது வருஷம் கழித்து, 1990 அக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றினார்கள். சோனகத் தெருவின் வீடுகளில் இருந்த புத்தகங்கள், பள்ளிவாசல் ஏடுகள், கடைக் கணக்குகள், குடும்பப் படங்கள் எல்லாம் என்ன ஆயின? ஒரு முஸ்லிம் கவிஞன் எழுதிய கவிதையை நமது இழப்பின் சாசனமாக வைத்துக்கொண்டு, அவனுடைய சமூகத்தின் இழப்பைப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிட்டோம். எந்தச் சாம்பல் நினைவுச்சின்னமாகும், எந்தச் சாம்பல் வெறும் குப்பையாகும் என்பதை முடிவு செய்வதும் அதிகாரம்தான்.

4

எரிந்த பிறகு நடந்தது நமக்குக் குறைவாகவே தெரியும். 1982-இல் யாழ்ப்பாணத்தில் நூலக வாரம் கொண்டாடி ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டினார்கள். வீட்டு அலமாரியிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துக் கொடுத்த ஜனங்கள்தான் அதைச் செய்தார்கள். கருகிய கட்டடத்தை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிட்டு, பின்னால் புதிதாகக் கட்டலாம் என்றொரு திட்டம் இருந்தது. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா அந்தக் கதையைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். 1984-இல் ஒரு பகுதி திறந்தது. 1985-இல் இராணுவத்தினர் உள்ளே புகுந்து வைத்த குண்டுகளில் திரட்டிய நூல்கள் மறுபடி சிதறின. பிறகு கோட்டைக்குள் படை, வெளியே போராளிகள், நடுவில் நூலகம். மக்கள் இரண்டாம் முறை கட்டியெழுப்பியதும் அழிந்தது என்பது முதல் எரிப்பை விடக் கொடுமையானது என்று எனக்குப் படுகிறது. அதற்கு நம்மிடம் தேதியும் இல்லை, சுவரொட்டியும் இல்லை.

1998-இல் சந்திரிகா அரசு நூலும் செங்கல்லும் திரட்டி மீண்டும் கட்டத் தொடங்கியது. நூல்கள் 25,000-க்கு மேல் சேர்ந்தன. தெற்கிலிருந்து சிங்கள மக்களும் கொடுத்தார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் அரசு, தன் காவலர்கள் எரித்த கட்டடத்தை வெள்ளையடித்துப் பழையபடி நிறுத்துகிறது என்றால் அந்த வெள்ளைக்கு ஓர் அர்த்தம் உண்டு. சுவரிலிருந்த கரியும் துளையும் சாட்சியங்கள். பூசிவிட்டால் குற்றமும் பூசப்பட்டுவிடும். அரசின் பாதுகாப்புக் கலை என்பது பெரும்பாலும் இந்தப் பூச்சுவேலைதான்.

இதற்கு எதிர்த்தரப்பு என்ன செய்தது? 2003 பிப்ரவரியில் திறப்பு விழா நடத்த மாநகர சபை ஏற்பாடு செய்தபோது விடுதலைப் புலிகளின் தரப்பு அதை எதிர்த்தது. மேயர் செல்லன் கந்தையனும் சபை உறுப்பினர்களுமாக 23 பேரும் எதிர்ப்பைக் காட்டிப் பதவி விலகினார்கள். செல்லன் கந்தையன் தலித். திறப்புக் கல்வெட்டில் ஒரு தலித்தின் பெயர் வரக்கூடாது என்பதே எதிர்ப்பின் உள்ளடக்கம் என்று தலித் செயற்பாட்டாளர்கள் அன்றிலிருந்து சொல்லிவருகிறார்கள். கட்டுமானம் முடியவில்லை, அரசியல் சூழல் சரியில்லை என்று மறுதரப்பு சொல்லியது. எந்தக் காரணம் எத்தனை சதவீதம் என்று நான் இங்கே தராசு பிடிக்கப் போவதில்லை. சாதி இல்லை என்று நம்பச் சொன்னால் யாழ்ப்பாணத்தின் வரலாறு சிரிக்கும் என்பது மட்டும் நிச்சயம். 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததும், தேநீர்க் கடைகளில் நடந்ததும் கே. டானியலின் நாவல்களில் படித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் நூலகம் ஆரவாரமில்லாமல் திறந்தது.

எரித்தவனுக்கு வெள்ளைச் சுவர் வேண்டும். எரிக்கப்பட்டவர்களின் பெயரால் பேசியவர்களுக்குச் சாம்பல் வேண்டும். இரண்டு பேருக்குமே திறந்திருக்கிற நூலகம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

5

இந்த இடத்தில்தான் பட்டியல்காரர்கள் வருகிறார்கள். இங்கிலாந்தில் வசிக்கும் நூலகர் என். செல்வராஜா ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு 'நூல்தேட்டம்' என்று தொகுதி தொகுதியாகக் குறிப்புரைப் பட்டியல் போட்டுவருகிறார். 2002-இல் முதல் தொகுதி. ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல். பல்கலைக்கழகத் துறை ஒன்று பத்துப் பேரை வைத்துச் செய்திருக்க வேண்டிய வேலை. 2005-இல் சில இளைஞர்கள் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். 1998-இல் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் ஏற்கெனவே முன்மாதிரியாக இருந்தது. ஆனால் மதுரைத் திட்டம் பெரும்பாலும் இலக்கியப் பிரதிகளைத் தட்டச்சு செய்து ஏற்றியது. நூலகம்காரர்கள் கிடைத்த எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றினார்கள். இன்று அங்கே ஆவணங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

எண்ணிக்கையைக் காட்டி 97,000-த்துக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அது அபத்தம். என்னை ஈர்ப்பது அங்கே என்ன இருக்கிறது என்பதுதான். சிற்றிதழ்கள், பள்ளிக்கூட மலர்கள், ஊர்ச் சங்க அறிக்கைகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், தேர்தல் பிரசுரங்கள், இயக்கங்களின் துண்டறிக்கைகள். எல்லாவற்றுக்கும் மேலாகக் 'கல்வெட்டு'கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கிற நினைவுச் சிறுநூலுக்குத்தான் அந்தப் பெயர். படம், குலமுறை, பிறந்த ஊர், பார்த்த உத்தியோகம், பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது வரை அதில் இருக்கும். நமது பண்டிதர்கள் இதையெல்லாம் நூல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஓர் ஊரின் இடப்பெயர்வை எழுதப் போகிற வரலாற்றாசிரியனுக்கு வைபவமாலையை விட இந்தக் கல்வெட்டுகள்தான் அதிகம் பேசும். எது ஆவணம் என்கிற வரையறையையே இந்த இளைஞர்கள் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள். எந்தக் கோட்பாட்டுக் கட்டுரையும் எழுதாமல் செய்த கட்டவிழ்ப்பு இது.

ஓவியத்தின் கதை இதைவிட மெலிந்தது. 1938-இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். பிறகு ஓவியர் மாற்கு விடுமுறை நாட்களில் இளைஞர்களைக் கூட்டிவைத்துக் கற்பித்தார். போருக்கு நடுவே, 1987-இல், அவரைப் பற்றி 'தேடலும் படைப்புலகமும்' என்றொரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தின் நவீன ஓவியம் முழுக்க இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ந்தது. இவர்களுடைய படங்களை நிரந்தரமாக மாட்டிவைக்க நகரத்துக்கு ஒரு சுவர் இல்லை. 1995 இடப்பெயர்வில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது சட்டமிட்ட ஓவியத்தை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? புத்தகத்துக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கும். ஓவியத்துக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது.

2004-இல் 'அகம்-புறம்' என்ற கண்காட்சியை, தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த கலைஞர்கள் அந்த நூலகக் கட்டடத்திலேயே வைத்தார்கள். தா. சனாதனன் அதில் முக்கியமானவர். இடம்பெயர்ந்தவர்களை உட்காரவைத்து, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லி 2011-இல் அவர் உருவாக்கிய 'இன்கம்ப்ளீட் தோம்பு', ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை எடுத்து அதன் அதிகாரத்தைத் தலைகீழாக்குகிறது. 2016 கொச்சி பினாலேயில் அவர் வைத்தது நூலகங்களில் அட்டைப் பட்டியல் வைக்கிற மர இழுப்பறைப் பெட்டி. இழுத்தால் புத்தகத் தலைப்புக்குப் பதிலாக, போரில் ஜனங்கள் உயிர்பிழைக்கக் கண்டுபிடித்த உபாயங்கள் அட்டை அட்டையாக இருக்கும். நூலகம் எரிந்ததைப் பற்றி வந்த படைப்புகளில் அதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தீயைக் காட்டாமல் பட்டியலைக் காட்டியது அது. சமகாலக் கலைக்கும் கட்டடக்கலைக்குமான ஓர் ஆவணக் காப்பகத்தையும் அவர் யாழ்ப்பாணத்தில் நடத்திவருகிறார்.

இனி வெளியே வந்து நிற்போம். நூலகத்தைச் சுற்றி முற்றவெளி, புல்லுக்குளம், சுப்பிரமணியம் பூங்கா, வீரசிங்கம் மண்டபம். 1974 ஜனவரி 10-இல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் செத்தவர்களுக்கான நினைவுத் தூண்கள் அங்கேதான் நிற்கின்றன. பூங்காவை நாம் பண்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நூலகத்தில் உட்காரத் தயங்குகிறவன்கூடக் காசில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடம் அது. பூங்கா பெஞ்சிலிருந்து நூலகப் படிக்கு இருக்கிற தூரம்தான் ஒரு நகரத்தின் ஜனநாயகத்தை அளக்கிற தூரம். இப்போது அந்த இடத்தில் இந்திய அரசின் நன்கொடையில் பதினொரு மாடிப் பண்பாட்டு மையம் எழுந்திருக்கிறது. அரங்கு, அருங்காட்சியகம், கண்காட்சிக் கூடம் எல்லாம் உண்டு. 2023 பிப்ரவரியில் கையளித்தார்கள். 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். யாழ்ப்பாணம் எங்கே போச்சு என்று எதிர்ப்பு வந்ததும் ஊர்ப் பெயரையும் முன்னால் சேர்த்தார்கள். அதை நடத்துவது மாநகர சபையா மத்திய அரசா என்பதில் இழுபறி. ஐந்து மாதத்தில் நூலகத்தை நகர சபையிடம் கொடுத்தவர்களின் ஊரில், மாடிகள் உயர்ந்த பிறகு அது யாருடையது என்று தேட வேண்டியிருக்கிறது.

6

தொண்டர்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு அவர்களையும் கேள்வி கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலையங்கள் என்று உண்டு. ஊர் இளைஞர்கள் நடத்துவது. பத்திரிகை போடுவார்கள், மாலையில் கூடுவார்கள். வாசிப்புப் பழக்கத்துக்கு அவை செய்தது கொஞ்சமல்ல. ஆனால் குடியிருப்பே சாதியாகப் பிரிந்திருக்கும்போது நிலையமும் அப்படித்தான் பிரியும். கிராம்ஷி சொல்கிற குடிமைச் சமூகம் எங்கேயும் அந்தரத்தில் தொங்குவதில்லை. நம் ஊர்களில் அது தெருக்களில் நிற்கிறது, தெருவுக்குச் சாதி இருக்கிறது.

தன்னார்வத்துக்கு வேண்டிய முதல் மூலதனம் ஓய்வுநேரம். அது யாரிடம் இருக்கிறது? மாலை ஆறு மணிக்குமேல் பெண் எத்தனை பேர் அந்த நிலையங்களுக்குப் போக முடிந்தது? டொமினிக் ஜீவா இதற்கு மறுபக்கம். சலூனில் முடிவெட்டிக்கொண்டே எழுத்தாளரானவர் அவர். 1966-இல் தொடங்கிய 'மல்லிகை'யின் முதல் அலுவலகம் அந்த ஜோசப் சலூன்தான். வாசிகசாலையின் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்காத ஊரில் முடிதிருத்தகம் வாசிகசாலையாயிற்று. காக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலை யாராவது போடுவார்களானால் அதில் அந்தச் சலூனுக்கு இடமுண்டா என்று நான் கேட்பேன். யாரிடம் அலமாரி இருந்ததோ அவர்கள் வீட்டிலிருந்துதான் ஆவணம் வரும். அலமாரி இல்லாதவர்களின் வரலாற்றுக்கு வாய்மொழியைத் தேடிப் போக வேண்டும். நூலகம் நிறுவனத்தார் அந்தப் பக்கமும் கை வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்துத்தான் அவர்களை மதிப்பிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி அரசைப் பற்றியது. தொண்டர்கள் நன்றாக வேலை செய்யச் செய்ய அரசு நிம்மதியாகத் தூங்குகிறது. புலம்பெயர்ந்தவர் அனுப்புகிற பணம், விடுமுறையில் வருகிற இளைஞன், ஓய்வுபெற்ற ஆசிரியர், இவர்களின் நல்ல மனசு இருக்கிறதே என்று மாநகர சபை நூலகருக்கான பணியிடத்தை நிரப்பாமல் விட்டால் கேட்பார் இல்லை. 1935-இல் தொண்டிலிருந்து உரிமைக்குப் போன பாதையில் இப்போது திரும்பி நடக்கிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. தொண்டர்கள் அரசுக்கு மாற்று ஆகிவிடக்கூடாது. அரசின் கழுத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிறவர்களாக இருக்க வேண்டும்.

இதில் நமக்குப் பாடமிருக்கிறது. 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தபோது, வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியதால்தான் அது இன்று நிற்கிறது. தானமாகக் கிடைத்திருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது. மறுபக்கம், கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாக வாழ்நாள் முழுவதும் சேர்த்ததை, 1992-இல் அவர் இறந்த பிறகு காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகத்தின் பணம். நமது சொந்த ஊர்க் கிளை நூலகத்தில் என்ன நடக்கிறது? நூலக வரி கட்டுகிறோம், அது நூலகத்துக்குப் போகிறதா என்று ஒருநாளும் கேட்பதில்லை. பழைய இதழ்த் தொகுப்பை எடைக்குப் போட்டாலும் தெரியாது. எரித்தால்தானே நமக்கு வலிக்கிறது, கரையான் தின்றால் வலிப்பதில்லை.

அடுத்த ஜூனில் கூட்டம் போடட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு காரியம் செய்யலாம். தங்கள் வீட்டில், ஊரில் கிடக்கிற ஈழத்து இதழ், பிரசுரம், கடிதம் என்னவென்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரலாம். 1980களில் இயக்கங்கள் சென்னையிலும் தஞ்சாவூரிலும் அச்சடித்த எத்தனையோ வெளியீடுகள் இங்கேதான் பரண்களில் இருக்கின்றன. முகாம்களில் இருக்கிற அகதிகளிடம் படகில் வந்தபோது கொண்டுவந்த காகிதங்கள் இருக்கின்றன. அதைக் கேட்டு ஒருவரும் போனதில்லை. சோனகத் தெருவிலிருந்து வந்தவர்கள் புத்தளத்தில் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்க வேண்டும். இந்தப் பட்டியலில் என்ன சேரும், என்ன சேராது, யார் அதை முடிவு செய்வது என்பதில் எனக்கும் இந்த இதழின் வாசகர்களுக்கும் கருத்து வேறுபாடு வரும் என்று தெரியும். வரட்டும். அந்தச் சண்டையை அடுத்த இதழிலிருந்தே தொடங்கலாம்.